டெனீஸ், பதினேழு, ஒரு கழுதை

டெனீஸ் எச்செவெரி எங்கள் குழுவில் சேர்ந்தது குதிரை மேலிருந்த ஆசையால் அல்ல. முப்பதடி டிரெய்லரைக் கோணாமல் பின்னுக்கு எடுக்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அதனால்தான் வந்தாள்.

நாங்கள் என்றால் கார்வர் ஃப்ளாட் என்ற சிற்றூரில் பத்துப் பன்னிரண்டு பேர். ஓய்வுபெற்றவர்கள், மருந்துக்கடைக்காரர் ஒருவர், தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் நான். நெவாடாவின் மலைச்சரிவுகளில் திரியும் காட்டுக் குதிரைகளிலும் கழுதைகளிலும் கொஞ்சத்தை அரசாங்கம் பிடித்துப் பட்டியில் அடைத்து வைக்கும். ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு உருப்படிகளை வாங்கி, ஊர்ச் சந்தைத் திடலில் அறுபது நாள் வைத்திருப்போம். மனிதக் கையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், முகக்கயிறு போட விட வேண்டும், நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும், டிரெய்லரில் ஏற வேண்டும். இவ்வளவும் படிந்தால் நவம்பரில் ஒரு சனிக்கிழமை யாராவது வந்து தத்தெடுத்துப் போவார்கள். படியாதது பட்டிக்குத் திரும்பிவிடும். சம்பளம் கிடையாது. எதற்கு இந்த வேலை என்று எங்கள் வீடுகளில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

டெனீஸுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. முப்பத்தொரு வருஷம் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட, சாலைத்துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினாள். அந்த உயரமான வண்டியிலிருந்து குதித்துக் குதித்து இறங்கியே இடது முட்டி தேய்ந்துபோயிற்று. அவள் குடும்பப் பெயரைத் தெரியாதவர் இந்தப் பக்கம் கிடையாது. தாத்தா ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் மலையிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர். அப்பா மாட்டுக்கு மாறினார். இப்போது அண்ணன் பீட் முந்நூறு மாடுகளோடு மேற்குச் சரிவில் இருக்கிறார். அந்த வீட்டில் காட்டுக் குதிரை என்றால் புல்லைத் தின்று ஊற்றைக் கலக்கும் சனியன். கவுண்டிக் கூட்டம் எதுவானாலும் பீட் எழுந்து அதைச் சொல்லாமல் உட்கார்ந்ததில்லை.

இது தெரிந்தும் எங்கள் வில்மா அவளிடம் போனார். வில்மா உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தியவர். இந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் தவளை அறுத்தவர்கள். அவர் கேட்டால் மறுக்கப் பயப்படுவார்கள். தபால் நிலைய வாசலில்தான் பேச்சு நடந்தது. நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டெனீஸ், சனிக்கிழமை சும்மாத்தானே இருக்கே?"

"என்ன வேணும்னு சொல்லுங்க டீச்சர். சுத்தி வளைக்காதீங்க."

"குதிரை ஏத்திட்டு வரணும். டிரெய்லர் இருக்கு, ஓட்ட ஆள் இல்ல."

"அந்தக் குதிரைங்களையா? பீட் கேள்விப்பட்டான்னா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டான்."

"நீ இருக்கறது உன் வீட்ல தானே?"

டெனீஸ் கையிலிருந்த கடிதங்களைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஓட்டுறேன். தொட மாட்டேன். அதுக்கு மேல கேக்கக் கூடாது."

சொன்னபடியே செய்தாள். எட்டுக் குதிரைகளையும் மூன்று கழுதைகளையும் இரண்டு நடையில் கொண்டுவந்து, டிரெய்லரின் பின்கதவைப் பட்டி வாசலோடு ஒட்டவைத்த மாதிரி நிறுத்தினாள். நாங்கள் கைதட்டினோம். "இதுக்கெல்லாமா?" என்றாள். அதன்பின் வைக்கோல் ஏற்றிவர, தண்ணீர்த் தொட்டி நிரப்ப என்று வாரம் மூன்று நாள் வந்தாள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டாள். தன் பிக்கப் லாரியைப் பட்டி ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பிளாஸ்க்கில் காப்பியும் குறுக்கெழுத்துப் புத்தகமுமாக உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். இறங்கி வா என்றால் முட்டி வலி என்பாள்.

அந்த வருஷம் வந்தவற்றில் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை எங்களை அழவைத்தது. ஒன்பது வயதிருக்கும். ஏற்கெனவே இரண்டு முறை வேறு ஊர்களில் பழக்கிப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறையும் தோற்றால் பிறகு யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். ஆயுசு முழுவதும் பட்டிதான். எல்லாவற்றுக்கும் பெயர் வைப்போம். இதற்கு வைத்த எந்தப் பெயரும் ஒட்டவில்லை. கழுத்துச் சீட்டில் கடைசி இரண்டு இலக்கம் பதினேழு, அதுவே பெயராயிற்று. கழுதைகளில் ஒரு பெட்டைக்கு டெப்யூட்டி என்று பெயர். எங்கே இரண்டு பேர் நின்று பேசினாலும் நடுவில் வந்து மூக்கை நீட்டி விசாரிக்கும்.

பதினேழை நாங்கள் அடிக்கவில்லை, கட்டவில்லை. எங்கள் வழி அதுவல்ல. வட்டப் பட்டிக்குள் ஒருவர் அதன் இடப்பக்கம் நின்று கவனத்தை இழுப்பார். இன்னொருவர் வலப்பக்கமாக மெல்லப் போய் மூங்கில் கழியின் நுனியால் முதுகைத் தடவிப் பார்ப்பார். மற்றக் குதிரைகள் நாலைந்து நாளில் பழகிவிட்டன. பதினேழு மட்டும் கழி பட்டதும் வெடித்துக் கிளம்பும். இரும்புத் தட்டிகள் குலுங்கும். முப்பது நாள் இதே கதை.

அக்டோபர் நடுவில் ஒரு நாள், அப்படி வெடித்து ஓடிய குதிரையைப் பார்த்தபடி வில்மா வேலி மேல் சாய்ந்து நின்றார். லாரியிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், அதுக்கு வலது கண்ணு தெரியல."

வில்மா திரும்பினார். "என்ன?"

"ஒரு மாசமாப் பாக்கறேன். உங்களைக் கண்டா இடது கைப்பக்கமாத்தான் சுத்தும். அந்தப் பக்கம் திருப்பி விட்டீங்கன்னா கழுத்தை மட்டும் உள்ள வளைச்சுக்கிட்டு ஓடுது. நீங்க அதைத் திமிருங்கறீங்க. முந்தாநாள் காத்துல ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்துச்சு. இடப்பக்கம் வந்தப்ப இருபதடி தள்ளியே மிரண்டுச்சு. சுத்திட்டு வலப்பக்கம் வந்தப்ப, காலுல படுற வரைக்கும் நின்னுட்டு இருந்துச்சு."

அத்தனை நாளும் அது பார்க்க முடியாத பக்கத்திலிருந்துதான் நாங்கள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தோம். எங்கிருந்தோ வந்து உடம்பில் படுகிற கை. வேறெதற்கு வெடிக்கும்?

கால்நடை மருத்துவர் மறுநாள் தூர நின்று விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணின் உள்ளே பழைய காயம் என்றார். எப்போதோ இன்னொரு குதிரை உதைத்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது.

வில்மா நேராக லாரிக்குப் போனார். "கண்டுபிடிச்சது நீ. இறங்கு."

"தொட மாட்டேன்னு சொன்னேன்."

"தொடச் சொல்லலியே. உள்ள வந்து உக்காரு. இங்க உக்காந்திருக்கற மாதிரியே."

டெனீஸ் நெடுநேரம் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு இறங்கினாள். முட்டிக்காக ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பட்டியின் நடுவில் அதன்மேல் உட்கார்ந்தாள். குறுக்கெழுத்துப் புத்தகத்தையும் விடவில்லை. பதினேழு அவளை இடது கண்ணால் பார்த்துக்கொண்டே சுற்றிற்று. அன்று மத்தியானம் முழுக்க அவ்வளவுதான். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் குதிரை நின்றது. நின்று, நாக்கைச் சுழற்றி வெறும் வாயை மென்றது. உள்ளுக்குள் ஏதோ இறுக்கம் அவிழ்ந்தால்தான் குதிரை அப்படிச் செய்யும். டெனீஸ் எழுந்து, அதற்குப் பரிசு கொடுப்பதுபோல வாளியோடு இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அழுத்தத்தை எப்போது தளர்த்துவது என்று பிறக்கும்போதே தெரிந்தவர்கள் சிலர் உண்டு.

ஆறாம் நாள் அதன் இடது தோளில் அவள் புறங்கை பட்டது. நான் வேலிக்கு வெளியே வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தேன். குதிரையின் தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கிற்று. டெனீஸ் என்னைப் பார்க்காமல், "ரீட்டா, மூச்சு விடு. நீ மூச்சடக்குறது அதுக்குக் கேக்குது," என்றாள்.

வலப்பக்கம்தான் பாடு. அதற்கு வழி காட்டியது கழுதை. ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் கதவைச் சரியாகக் கொக்கி போடாமல் விட்டார். டெப்யூட்டி வழக்கம்போல விசாரணைக்கு உள்ளே நுழைந்து, பதினேழின் வலது விலாவோடு ஒட்டி நின்றுகொண்டது. வெடிக்கப்போகிறது என்று நாங்கள் கத்த வாயெடுத்தோம். டெனீஸ் கையை உயர்த்தினாள். குதிரை தலையைத் தாழ்த்திக் கழுதையின் காதை முகர்ந்தது. அவ்வளவுதான். அதன் பிறகு வலப்பக்கம் டெப்யூட்டி நிற்கும்வரை பதினேழு எதற்கும் இசைந்தது. கழுதை மேல் கையை வைத்து, அங்கிருந்து மெல்லக் குதிரை மேல் கையை நகர்த்துவாள் டெனீஸ். ஐம்பதாம் நாள் முகக்கயிறு ஏறிற்று. ஐம்பத்தாறாம் நாள் நாலாவது காலையும் தூக்கிக் கொடுத்தது.

தத்தெடுக்கும் சனிக்கிழமை பீட் வந்தார். திடலின் மறுபக்கம் காளை ஏலம். அதற்கு வந்தவர் கூட்டாளிகளோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எங்க தங்கச்சி இங்க குதிரைக்குத் தாலாட்டுப் பாடுறான்னு ஊர்ல சொன்னாங்க. நம்பல."

"பாடல. எனக்குக் குரல் உன்னைப் போலத்தான்," என்றாள் டெனீஸ்.

கூட்டாளிகள் சிரித்தார்கள். பீட் பதினேழை ஏற இறங்கப் பார்த்தார். "மேற்குச் சரிவுக் குதிரை. என் புல்லைத் தின்னுதான் இந்த வயிறு."

"சரி, இப்ப வந்து திருப்பி வாங்கிக்கோ."

அவர் தொப்பியை அழுத்திக்கொண்டு ஏலத்துக்குத் திரும்பினார்.

அன்று பதினேழுக்கு யாரும் கை தூக்கவில்லை. வலது கண் விஷயத்தை டெனீஸ் வந்தவர்களிடமெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டாள். மறைத்துத் தள்ளிவிட அவளுக்கு மனமில்லை. ஆனால் டெப்யூட்டிக்கு ஆள் வந்துவிட்டார். ஐடஹோவிலிருந்து ஓரின் ஸ்டாப் என்று ஒருவர். அறுபது வயது, மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. ஆட்டுப்பாலில் சீஸ் கட்டி செய்பவர். அவர் மந்தையைக் கயோட்டி நரிகள் தொல்லை செய்கின்றன. காவலுக்குக் கழுதை வேண்டும்.

"ரெண்டையும் சேத்து எடுத்துக்கங்க," என்றாள் டெனீஸ்.

"மேடம், எனக்குக் கழுதை போதும். குதிரையை வச்சு நான் என்ன பண்ண?"

"குதிரை இல்லாம கழுதை உங்ககிட்ட நிக்காது."

"டெனீஸ்," என்றார் வில்மா தாழ்ந்த குரலில், "அவர் கேக்கறது கழுதை. நல்ல மனுஷன், நல்ல வேலி போட்டிருக்கார். உனக்குப் பிடிச்ச ஒரு குதிரைக்காகக் கழுதையோட இடத்தைக் கெடுக்காதே."

டெனீஸ் முகம் சிவந்தது. டெப்யூட்டியை அவளே டிரெய்லரில் ஏற்றிவிட்டாள். வண்டி திடலைத் தாண்டும்வரை கழுதை கத்திக்கொண்டே போயிற்று. பட்டியில் பதினேழு மூன்று நாள் வலது பக்கத்தைத் தட்டியோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றது. நாலாம் நாள் டெனீஸ் கை வைத்தபோது ஒதுங்கிப் போயிற்று. அறுபது நாளும் முடிந்திருந்தது. இரண்டு வாரம் கூடுதலாகத் தரும்படி வில்மா அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டார், கொடுத்தார்கள். டெனீஸ் மறுபடி வாளியைப் போட்டு உட்கார்ந்தாள்.

டெப்யூட்டி போன பதினோராம் நாள் வில்மாவுக்கு ஐடஹோவிலிருந்து போன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை டெனீஸிடம் நீட்டினார். ஸ்டாப்பின் குரல் எங்களுக்கே கேட்டது.

"மேடம், நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும். இது காவல் காக்கல. காலையில ஆரம்பிச்சாப் பொழுது சாயற வரைக்கும் தெக்கப் பாத்துக் கத்துது. எங்க ஆடுங்க பயந்து பாலை அடக்கிக்கிச்சு. என் பெண்டாட்டி சொல்றா, ஒண்ணு அதைத் திருப்பி அனுப்பு, இல்ல அது கூப்பிடுற ஆளைக் கூட்டிட்டு வான்னு."

"திருப்பி அனுப்புறீங்களா?"

"அய்யோ, அது எனக்குப் பிடிச்சுப்போச்சு. அந்த ஒத்தைக் கண்ணுக்காரி இன்னும் இருக்காளா?"

டெனீஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "இருக்கா. கொண்டு வரேன்," என்றாள்.

ஆனால் மலைக்கணவாயில் பனி விழுந்திருந்தது. முட்டி வீங்கி இரண்டு நாளாக அவளால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. எனக்கோ அந்த டிரெய்லரைப் பார்த்தாலே வியர்க்கும். புறப்பட வேண்டிய காலையில் நாங்கள் திடலுக்கு வந்தபோது லாரியின் ஓட்டுநர் இருக்கையில் பீட் உட்கார்ந்திருந்தார்.

"உன் முட்டிக்காக வந்தேன். குதிரைக்காக இல்ல," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

"யார் சொன்னா உனக்கு?"

"டீச்சர் கூப்பிட்டாங்க. என்னைப் பத்தாம் கிளாஸ்ல ரெண்டு தடவை பெயிலாக்குனவங்க. இல்லேன்னு சொல்ல முடியுமா?"

பதினேழு ஏறத் தயங்கிற்று. டெனீஸ் நொண்டியபடியே அதன் வலப்பக்கம் போய், கழுதை நின்ற இடத்தில் தானே விலாவோடு ஒட்டி நின்றாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்று, இரண்டு பேரும் சேர்ந்து ஏறினார்கள். பீட் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் அவர்கள் இருவரும், பின்னிருக்கையில் நான். முதல் நூறு மைல் மாட்டு விலையும் வானிலையும் பேசினார்கள். கணவாய் ஏறி இறங்கிய பிறகு பீட் கேட்டார்: "ஒரு மாசம் லாரிக்குள்ளயே உக்காந்திருந்தியாமே. எதுக்கு?"

"வேற எங்க உக்காருவேன்? அப்பா என்னை அங்கதானே உக்கார வைப்பாரு."

பீட்டுக்கு உடனே புரிந்தது; எனக்குத்தான் புரியவில்லை. அவள் திரும்பி எனக்குச் சொன்னாள். குதிரைகளைக் காக்கும் சட்டம் வருவதற்கு முந்திய காலம். காட்டுக் குதிரைகளைத் துரத்திப் பிடித்து, நாய்த் தீவனம் செய்யும் ஆலைக்கு விற்பார்கள். அவள் அப்பாவும் செய்தார். அப்போது அவளுக்கு ஆறேழு வயது. குளிருக்கு லாரிக்குள் உட்காரவைத்து, வெளியே வராதே, பார்க்காதே என்பார். அவள் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். பின்னால் தட்டியை உதைக்கும் சத்தம் வீடுவரை கேட்கும்.

"அப்பா கெட்டவர் இல்ல," என்றார் பீட்.

"நான் எப்பச் சொன்னேன்?"

"அந்த வருஷம் பசங்க நாலு பேருக்கும் பூட்ஸ் அதுலதான் வந்துச்சு."

"தெரியும். எனக்கும் ஒரு ஜோடி வந்துச்சு. சிவப்பு."

ஐடஹோ எல்லையோரப் பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது பீட் இறங்கி வாளியில் தண்ணீர் பிடித்துப் பின்னால் போனார். நான் எட்டிப் பார்த்தேன். குதிரையின் இடப்பக்க ஜன்னலுக்கு வந்து, "ஏய், இந்தா," என்று முதலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கினார். அது குடித்து முடிக்கும்வரை பிடித்திருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "காலு நல்ல காலு," என்றார். "ஆனா என் கருத்து மாறல. மலையில இதுங்க ரொம்ப அதிகம்."

"மாறச் சொல்லலியே. வண்டியை எடு."

ஸ்டாப்பின் பண்ணை ஸ்நேக் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில். அரை மைல் தள்ளி வரும்போதே கழுதை கத்துவது கேட்டது. டிரெய்லருக்குள்ளிருந்து பதினேழு கனைத்த கனைப்பில் வண்டியே அதிர்ந்தது. நாங்கள் அதன் குரலைக் கேட்டதே அன்றுதான். கதவைத் திறந்ததும் அது இறங்கி, வேலிக்குள் விட்ட மாத்திரத்தில் நேரே போய்க் கழுதையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. டெப்யூட்டி இன்னும் இரண்டு முறை கத்திவிட்டு வாயை மூடிற்று. திடீரென்று அந்த மேடு முழுக்க ஒரே அமைதி. ஸ்டாப்பின் மனைவி கைத்துண்டோடு வாசலில் வந்து நின்று, "கடவுளே, எனக்குக் காது இன்னும் இருக்கு," என்றாள்.

எங்களுக்கு ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியும் கொடுத்தார்கள். பீட் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டெனீஸ் சாப்பிடாமல் வேலியோரம் ஸ்டாப்பை நிறுத்திவைத்து, எந்தப் பக்கமிருந்து போவது, எப்போது குரல் கொடுப்பது, எப்போது விலகுவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மாணவனைப்போலத் தலையாட்டினார். கிளம்பும்போது அவள் குதிரையிடம் போய்ச் சொல்லிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. "அதை இப்பக் கலைக்க வேண்டாம்," என்றாள். லாரியில் ஏறியதும் எல்லை வரும்வரை அழுதாள். பீட் வானொலியை வைக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. தன் கோட்டைக் கழற்றி அவள் முட்டி மேல் போட்டார்.

குளிர்காலத்தில் டெனீஸ் முட்டியை அறுவை செய்து மாற்றிக்கொண்டாள். மார்ச்சில் ஸ்டாப் எழுதினார்: லாடக்காரர் வந்து குளம்பு சீவியபோது பதினேழு தூங்கி வழிந்ததாம், கயோட்டி ஒன்றைக் கழுதையும் குதிரையும் சேர்ந்தே விரட்டினவாம். அந்தக் கடிதத்தை டெனீஸ் தபால் நிலையத்திலேயே நின்று இரண்டு தரம் படித்தாள்.

பீட் கவுண்டிக் கூட்டங்களில் இன்னும் எழுந்து நிற்கிறார். சொல்வதும் அதையேதான். ஆனால் ஆகஸ்டில் ஒரு நாள் பதினாறு இரும்புத் தட்டிகளைத் திடலில் இறக்கிவிட்டு, "எங்கிட்ட சும்மா துருப்பிடிச்சுக் கிடந்துச்சு," என்று சொல்லிப் போனார். ஒன்றில்கூடத் துரு இல்லை. வில்மா அவற்றை எண்ணிவிட்டு, இனி இரண்டு வட்டப் பட்டி போடலாம் என்றார். ஒன்றை டெனீஸிடம் விட்டார்.

செப்டம்பரில் புது மந்தை வந்தது. இந்த முறை அவள் பொறுப்பில் குதிரைகளில் ஒரு கறுப்புக் குட்டையன். முதல் நாளே அவள் தொப்பியைக் கவ்விக்கொண்டு பட்டி முழுக்க ஓடினான். புது முட்டியோடு டெனீஸ் அவன் பின்னால் நடந்தாள், அவசரமில்லாமல்.